சவரியின் சட்டைப் பையில் இருந்த பின்

சவரிமுத்து போய்விட்டார்.

இன்று காலை, ஒரகடத்தில் அவர் வீட்டில்... நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அவர் மனைவி போனில் சொன்னார். ஐம்பத்து மூன்று வயது.

இங்கே என்னைத் தொடர்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தொழிற்சாலை ஒன்றில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். வருடத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, எங்கள் ஹேங் கிளைடிங் போட்டிக்கு வின்ச் ஓட்ட வருவார்.

ஹேங் கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத பெரிய துணி இறக்கை. அதன் அடியில் நாம் குப்புறத் தொங்குவோம். மலையிலிருந்து ஓடிப் பறப்பவர்கள் உண்டு. எங்களுக்கு வாய்த்தது, கம்பெனி வரும் என்று சமன் செய்து, கம்பெனி வராமலே போன ஒரு பொட்டல். அங்கே ஒரு நீளக் கயிற்றின் ஒரு முனையில் நாம், மறுமுனையில் வின்ச். அது கயிற்றைச் சுருட்டச் சுருட்ட நாம் மேலே போவோம்.

ஆக, மறுமுனையில் இருக்கும் ஆளை நம்பியாக வேண்டும். நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு முதல் போட்டி. யார் அதிக நேரம் மேலே நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கலந்துகொண்டவர்களில் நான் ஒருத்திதான் பெண், வயதிலும் மூத்தவள். முதல் நாள் மேலே போனபோது ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வெள்ளை வெள்ளையாக வரிசையில் நின்ற புதுக் கார்கள்... பார்த்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டேன்.

"இன்னா மேடம், அதுக்குள்ள வந்துட்டீங்க? நீங்க வெச்சிட்டுப் போன டீ இன்னும் சூடா கீது!" என்றார் சவரி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே காற்று சரியில்லை. தூறல் வேறு. போட்டியை நடத்திய ரமேஷ் பத்து மணிக்கு ரெஸ்ட் டே என்று அறிவித்துவிட்டார். தகரக் கொட்டகையில் கேரம், சீட்டு, மிளகாய் பஜ்ஜி. ஈரத் துணியின் வாடை. நான் மட்டும் ஒரு மூலையில் போனில் மழை எங்கே என்று காட்டும் ரேடார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருந்தது. மறுநாள் எனக்குக் கல்லூரியில் எக்ஸாம் டியூட்டி. அன்று பறக்கவில்லை என்றால், இரண்டு முறை தொப்பென்று இறங்கியதோடு என் போட்டி முடிந்தது.

இரண்டு மணிக்கு வானம் வெளுத்தது. நல்ல வெயில். போனிலும் மழை எதுவும் இல்லை. ரமேஷிடம் போய் நின்றேன். ரொம்ப நேரம் விவாதித்தேன். கடைசியில் அவர், "சரி மேடம், வின்ச் ரெடின்னா ஒரு ரவுண்டு பாக்கலாம்" என்றார்.

வின்ச்சைச் சவரி பிரித்துப் போட்டிருந்தார்.

"டிரம்முல பின்னு ஒடஞ்சி பூட்ச்சி மேடம். ஸ்ரீபெரும்புதூர் போயி வாங்கியாரணும். அஞ்சு மணி ஆவும்."

கயிறு சுற்றும் டிரம்மை எஞ்சினோடு பூட்டுகிற, விரல் நீளப் பின். அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

"காலையில நல்லாத்தானே இருந்தது? இது உங்க கம்பெனி இல்ல சவரி, சும்மா ஷிஃப்ட்டை ஓட்டிட்டுப் போறதுக்கு."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் கோபத்தில் கிளைடர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மூன்று மணி சுமாருக்கு மேற்கே புழுதி எழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. கொட்டகைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. கட்டிவைத்திருந்த என் கிளைடரே தரையை விட்டுக் கிளம்ப, ஒரு இறக்கைமேல் நான் விழுந்தேன். எங்கிருந்தோ ஓடிவந்து இன்னொரு இறக்கைமேல் சவரி விழுந்தார்.

பத்து நிமிடம் இருக்கும். மழையில் அப்படியே கிடந்தோம். ரெடி என்று அவர் சொல்லியிருந்தால் அந்த நேரம் நான் எங்கே இருந்திருப்பேன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காற்று அடங்கியதும் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்தப் பின். கீறல்கூட இல்லை.

"உடையலையா?"

"எங்க ஒடஞ்சிது... காலைல ரெஸ்ட்டுன்னாங்கல்ல, அப்பவே கழட்டி வெச்சுக்கினேன்."

"காத்து வரும்னு தெரியுமா?"

"எனுக்கின்னா மேடம் தெரியும்? எங்க லைன்ல ஒரு தபா மெஷின் ஸ்டாப்புன்னு சொல்லிட்டு, அவசரம்னு திரும்ப ஓட்டிட்டானுங்க. உள்ள கைய வெச்சுக்கினு இருந்தவனுக்கு ரெண்டு விரலு பூட்ச்சி. அன்னிலேர்ந்து ஸ்டாப்புன்னா, நான் ஒரு பார்ட்டக் கழட்டிப் பையில போட்டுக்குவேன். எவனும் ஓட்ட முடியாது பாரு."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? படிச்சவங்க... போன்ல படத்தக் காட்டி என்னிய மடக்கிடுவீங்க."

மடக்கியிருப்பேன்.

சாரி என்றேன். அதுவும் பாதி முனகலாகத்தான் வந்தது. "இன்னாத்துக்கு மேடம்... பஜ்ஜி மீதி கீதா பாருங்க, பசிக்குது" என்று போய்விட்டார்.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இன்று காலையிலிருந்து, சவரிக்குக் காற்றின் வாசனை தெரியும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். தெரியாது. அவரே சொன்னார். மனிதர்கள் அவசரப்படுவார்கள் என்று மட்டும் தெரியும்.

அதற்கடுத்த வருடங்களில் ரெஸ்ட் டே என்றதும் பின்னைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவார். "புடிங்க மேடம். உங்ககிட்ட இருந்தாத்தான் சேஃப்டி." அதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

போன போட்டியில் கடைசி நாள் மழை. அப்படியே கலைந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கைப்பையில் பின். போன் செய்தேன். "இருக்கட்டும் மேடம், அடுத்த தபா வாங்கிக்கறேன்" என்றார்.

நாளை மாலை நான்கு மணிக்கு அவர்கள் ஊர்ச் சர்ச்சில் அடக்கப் பூசை. தெரிந்தவர்கள் வாருங்கள்.

எனக்குக் கிடைத்த மூன்று வருடங்களுக்கு நன்றி சவரி.

பின் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் ஓட்ட முடியாது. ரெஸ்ட் எடுங்கள்.