வேலியோரக் குவியல் அரை

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. பிறந்த நாள், படிப்பு, தொழில், நோய்நொடி, வீடு மாறிய விவரம் எல்லாவற்றையும் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான்தான் எழுதி வருகிறேன். ஒவ்வொரு குறிப்பின் கீழும் 'கேட்டு எழுதியது' அல்லது 'பார்த்து எழுதியது' என்று குறிப்பது என் வழக்கம். என் கணவரின் தம்பிக்கு உரிய பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. எழுதியவள் நானே. ஆகவே அவருடைய பக்கத்தை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. மூன்று தெரு தள்ளி, மனைவியோடும் பள்ளியில் படிக்கும் மகளோடும் வசிக்கிறார். தொழில், புதர் மண்டிய மனைகளை வெட்டிச் சீர்செய்து கொடுப்பது. எந்த வேலையை முடித்தாலும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "சொன்னபடி செஞ்சாச்சுங்க" என்பார். அதனால் அவருக்குச் 'சொன்னபடி' என்றே பெயர் அமைந்துவிட்டது. வேலிச் செடியை இடுப்பளவுக்கு வெட்டுமாறு தபால்காரர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இவர், "யார் இடுப்புங்க?" என்று கேட்டு, அவரைச் செடியருகே நிற்கவைத்து அடையாளம் கட்டிய பிறகே அரிவாளை எடுத்தாராம். தபால்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அடுத்த ஆண்டும் இவரைத்தான் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டின் பின்புறத்தில் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. தம்பி தம் கருவிகளை வைக்க அங்கே ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்தில் புதர் முழுவதையும் வெட்டி இரண்டு குவியலாகப் போட்டார். கிணற்றோரம் கிடந்தது காய்ந்த முள். வேலியோரம் கிடந்தது பச்சைக் கிளை. வேலிக்கு அந்தப் பக்கம் தையற்காரர் வீடு.

குவியல்களை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது.

"ஒரு தீக்குச்சியில முடியுற வேலை," என்றார் அச்சகத்தில் பணிபுரியும் என் கணவர். "அதுக்குப் போய் மெஷினு கிஷினுன்னு."

"மெஷின்ல அரைச்சா செடியடி காயாம மேல போடுற மூடாக்கு ஆகும்ணே. கொளுத்துனா சாம்பல்தான் மிச்சம்."

"மூடாக்கு போட உனக்கு என்ன தோட்டமா இருக்கு? தொட்டியில நாலு செடி வச்சிருக்க."

"உங்க வாய்க்கும் கொஞ்சம் மூடாக்குப் போடலாம்ணே."

என் கணவரும் சிரித்துவிட்டார். கடைசியில் தம்பி என்னைப் பார்த்தார். "அண்ணி சொல்லட்டும். அவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே செஞ்சிடுறேன். மரமில்லுல மெஷின் திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் தருவாங்க." யோசித்து எழுதி வைக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தையற்காரரின் மனைவி வேலியருகே என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு.

"அக்கா, இந்தக் குவியல மட்டும் கொளுத்தாதீங்க. போன மாசம்தான் ஆஸ்பத்திரியிலருந்து வந்தேன். பச்சைக் கிளைப் புகை எனக்குச் சுத்தமா ஆகாது."

"கவலைப்படாத. அது என் பொறுப்பு," என்றேன்.

வேலியோரக் குவியலை அரைத்துவிடுவது, கிணற்றோரக் குவியலை எரித்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். மறுநாள் விடியலில், என் மாமனாருடைய பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் புறப்பட வேண்டியிருந்தது. தம்பி ஏழு மணிக்குத்தான் வருவார். போனில் சொல்லியிருக்கலாம். எழுத்தில் இருந்தால் பிசகாது என்பது என் நம்பிக்கை. கையில் அகப்பட்ட துண்டுத்தாளில் இவ்வாறு எழுதிப் பின்கதவுத் தாழ்ப்பாளில் செருகினேன்:

'வேலியோரக் குவியல் அரை. மீதியை எரிக்கலாம்.'

தாள் சிறியதாக இருந்தது. 'அரைக்கவும்' என்று எழுதியிருந்தால் நான்கு எழுத்துக் கூடியிருக்கும்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே புகைநாற்றம் அடித்தது. எங்கள் வாசலில் தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டி உங்க அண்ணிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா! இப்ப மூச்சு விட முடியாம மூக்குல குழாயோட கிடக்கிறா. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"சொன்னபடிதாங்க..." என்று தொடங்கிய தம்பி, என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வேலியோரம் பார்த்தேன். குவியல் கிடந்த இடத்தின் நடுவே ஒரு கயிறு நேராக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் அரைத்த தூள் அம்பாரமாக இருந்தது. அந்தப் பக்கம் கரி புகைந்துகொண்டிருந்தது. என் சீட்டை அவர் எப்படிப் படித்தார் என்பது அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. நான் அரைக்கச் சொன்னேன். அவர் பாதி என்று படித்திருக்கிறார்.

விளங்கிய பிறகும் நான் சொன்னது இது: "நான் அரைக்கத்தானே எழுதியிருந்தேன், தம்பி?"

"அப்ப நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்," என்றார் அவர். சீட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தையற்காரரின் மனைவி நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்; அங்கும் வாய் திறக்கவில்லை. என் கணவர் தம்பியை 'அரைவேக்காடு' என்று அழைக்கத் தொடங்கினார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்வது தம்பிதான். அந்த ஆண்டு வேலை வேறொருவருக்குப் போயிற்று. பள்ளிக் குழுவில் தையற்காரர் இருந்தார். குறிப்பேட்டில் தம்பியின் பக்கத்தில் நான் எழுதியது: 'கவனக்குறைவால் பச்சைக் கிளைகளை எரித்து அண்டை வீட்டாருக்குத் துன்பம் விளைவித்தார். பார்த்து எழுதியது.'

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை வேளையில் தம்பி வந்தார். உள்ளே வரவில்லை; பின்கதவருகிலேயே நின்றார்.

"அண்ணி, நோட்டுல என்னைப் பத்திக் கவனக்குறைவுன்னு இருக்காமே? பள்ளிக்கூடத்துல குடும்பத்தைப் பத்தி எழுதச் சொன்னாங்கன்னு எம்பொண்ணு வாங்கிட்டுப் போனாள்ல, அப்ப படிச்சிருக்கா. நிஜமாப்பான்னு கேக்குறா."

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அந்தச் சீட்டு இருக்கா?"

இருந்தது. நான் எந்தத் தாளையும் எறிவதில்லை. கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"இப்பவும் எனக்குப் பாதின்னுதான் தோணுது. கல்யாணமாகி வந்ததுலருந்து நீங்க என்னை வா, போன்னு ஒருநாள் சொன்னதில்ல. 'வாங்க தம்பி, சாப்பிடுங்க தம்பி'ன்னுதான் சொல்வீங்க. அப்படிப்பட்டவங்க 'அரை'ன்னு ஏவுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. மெஷினும் அரைநாளைக்குத்தான். அதான் கயிறு புடிச்சுச் சரிபாதி பண்ணேன்." பிறகு கேட்டார்: "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும், தம்பி. அந்தக் கயிறப் பாத்ததுமே."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "தையக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா சாக்குச் சொல்றான்னு நினைப்பாரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றே போனேன். வெட்டிய துணிகளுக்கு நடுவே மேசைமேல் சீட்டை வைத்து, படித்துப் பாருங்கள் என்றேன்.

"வேலியோரத்துல பாதி," என்றாள் மனைவி.

"பாதியா? அரைக்கச் சொல்லி எழுதியிருக்கு," என்றார் கணவர்.

"அரைக்கன்னா அரைக்கன்னு போட்டிருப்பாங்கல்ல? அரைன்னா பாதி. அரை மீட்டர்னு தினமும் எழுதுறீங்க, தெரியாதா?"

தையற்காரர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஏதும் இல்லை. தம்பி பாதி என்று படித்ததையும், அது எனக்கு அன்றே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஆளை வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசிட்டேனே."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அரைமணி நேரம் எம்பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. அப்ப ஏன் சொல்லல?"

என் எழுத்தில் பிழை இருக்காது என்று ஊரார் சொல்வதைக் கேட்டுப் பழகியிருந்தேன். அந்தப் பெயர் போய்விடும் என்று பயந்தேன். அதற்காக இன்னொருவர் பெயரைக் கெடுத்தேன். இதை அவளிடம் அப்போது சொல்ல நா எழவில்லை. இங்கே எழுதுகிறேன்.

தையற்காரர் அன்றே நேரில் போய்த் தம்பியிடம் வருத்தம் தெரிவித்தார். பள்ளி வேலை இந்த ஆண்டுக்குப் போனது போனதுதான். என் கணவர் 'அரைவேக்காடு' என்று சொல்வதை விட்டுவிட்டார். தெரு இன்னும் விடவில்லை. காதில் விழும்போதெல்லாம் நின்று நடந்ததைச் சொல்கிறேன், சிலர் கேட்கிறார்கள். பழைய குறிப்பை நான் கிழிக்கவில்லை. அதன்மேல் ஒற்றைக் கோடிட்டு, சீட்டைப் பக்கத்தில் ஒட்டி, 'தவறு என் எழுத்தினுடையது. மறைத்ததும் நானே' என்று எழுதியிருக்கிறேன். தம்பியின் மகள் அதைப் படித்துவிட்டு, குறிப்பேட்டை மூடி என்னிடம் கொடுத்தாள்.

கொட்டகை இப்போது எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலை விவரத்தை நான் எழுதி வைத்தால், தம்பி தாளைக் கையிலெடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வருகிறார். என் எதிரில் நின்று ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படிக்கிறார். முடிந்ததும், "அப்படித்தானே அண்ணி?" என்கிறார். கைவேலையை நிறுத்திவிட்டு, "அப்படித்தான் தம்பி," என்கிறேன். அதைக் கேட்காமல் அவர் அரிவாளைத் தொடுவதில்லை. பார்த்து எழுதியது.