கண்டிக்கிறோம் என்று நின்ற இடம்

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன். கண்டனம் என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. இந்த வருஷம்தான் அதோடு ஒரு மாதம் புழங்க வேண்டி வந்தது.

சுங்காய் பக்கம் நான் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் கித்தா மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். பிறகு நிலத்தையே விற்றார்கள். வாங்கியவர்கள் வீடு கட்டப் போகிறார்கள். தோட்டத்து மயானமும் அந்த நிலத்துக்குள் இருக்கிறது. அங்கே என் மூத்த மகள் இருக்கிறாள். மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். சிமெண்டில் கல்லறை கட்ட வசதி இல்லை. தலைமாட்டில் ஓர் ஆற்றுக் கல், கால்மாட்டில் ஒரு குரோட்டன்ஸ் செடி. அதுதான் அடையாளம்.

மாதக் கடைசியில் மண் தள்ளும் மெஷின் இறங்கும் என்று வேலியில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

"அதுக்கு முன்ன அவள எடுத்துட்டு வந்துருங்க" என்றாள் என் மனைவி.

கேட் பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்தவன் விடவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஈப்போவில் நானும் அதே ஜாகா வேலைதான் பார்க்கிறேன். உத்தரவு உத்தரவுதான். நிலக்காரர்களின் ஆபீசுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் மேனேஜர் வெளியே போயிருந்தார். அதனால்தான் ஈப்போவில் ஒரு சங்கத்தைத் தேடிப் போனேன். இரண்டு நாள் கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். தலைவர் என் தோளில் கை போட்டு, விட மாட்டோம் என்றார்.

மறுநாள் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேனருக்கு வாசகம் எழுதினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். 'கண்டிக்கிறோம்' என்று மட்டும் போட்டால் சப்பென்று இருக்கும், 'வன்மையாக' வேண்டும் என்றார் தலைவர். போன மாதம்தான் இன்னொரு சங்கம் 'வன்மையாக' போட்டது, நாம் 'மிகக் கடுமையாக' போடுவோம் என்றார் செயலாளர். அதற்குள் தலைவருக்கு ஒரு நினைப்பு வந்தது. நிலம் வாங்கியவருக்கும் அரசியல்வாதி ஒருவருக்கும் பழக்கமாம். அப்படியானால் 'வருந்துகிறோம்' போதுமே என்றார். வருந்தினால் யார் பகிர்வார்கள் என்றார் செயலாளர். மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் 'வன்மையாக'வுக்கே திரும்பி வந்தார்கள். என் தே தாரிக் டீ ஆறிப்போயிருந்தது.

"தலைவரே, இதுல நாம என்ன கேக்குறோம்?" என்றேன்.

"கேக்குறதா? கண்டிக்கிறோம்லா அண்ணே. அதான்."

தோட்டத்தில் யாரும் இப்படிச் சொல் தேடியதில்லை. நோயில் கிடந்த பெண்டாட்டியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு சுற்றினான் ஒருவன். விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் நேரத்தில், பெண்கள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்துத் 'தூ' என்றாள். அந்த மாதமே அவன் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண்ணுக்கும் அதே முதுகைக் காட்டினோம். நானும் திரும்பி நின்றேன். அது அசிங்கம். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் துப்பியவளுக்கு யாரை நினைத்துத் துப்புகிறோம் என்று தெரியும். அவனும் அவள் எதிரிலேயே நின்றான். இந்தப் பேனரை யார் கண்ணுக்கு நேரே பிடிக்கப் போகிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று காரில் வந்தார்கள். நான் மண்வெட்டி கொண்டு போயிருந்தேன். படத்தில் வேறு மாதிரி தெரியும் என்று அதைக் காரிலேயே வைக்கச் சொன்னார் செயலாளர். கேமராக்களைப் பார்த்த காவலாளி பத்து நிமிடம் என்று சொல்லித் திறந்தான். உள்ளே போய், புல் குறைவாக இருந்த இடமாகப் பார்த்து வரிசையாக நின்றார்கள். பேனரை விரித்தார்கள். 'வன்மையாக' என்ற சொல்லை ஒரு செடி மறைத்தது. செயலாளர் அதை ஒடித்துப் போட்டார்.

அது குரோட்டன்ஸ்.

தலைவரும் இன்னும் இரண்டு பேரும் சப்பாத்துக் காலோடு அவள்மேல் நின்றிருந்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவன் மயானத்தில் மேட்டைப் பார்த்துத்தான் கால் வைப்பான். இவர்களுக்கு அது வெறும் புல். தலைவர் என்னை நடுவில் வந்து நிற்கச் சொன்னார்.

"அண்ணே, பிள்ளய இங்கதான் பொதச்சேன்னு சொல்லிட்டு, வன்மையா கண்டிக்கிறேன்னு முடிங்க. அழுகை வந்தா அடக்காதீங்க."

"எறங்குங்க" என்றேன்.

"எங்கேர்ந்துண்ணே?"

"எம் பிள்ள மேலேர்ந்து."

குனிந்து பார்த்தார். சப்பாத்தைப் புல்லில் தேய்த்தார். இரண்டடி தள்ளி நின்றார். பிறகு முகம் தெளிந்து, "இது நல்லாருக்குண்ணே. இதயே கேமராவப் பாத்து இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. பத்து நிமிடம் முடிந்தது. கேட்டைப் பூட்டினார்கள்.

சாயந்திரமே வீடியோ வந்தது. நான் அதில் இல்லை. கீழே ஆளுக்கு ஒரு வரியாகக் கண்டனம், கண்டனம், கண்டனம். நடுவில் சிவந்த முகப் பொம்மைகள். கூட வேலை செய்கிறவன் ஒருவனும் போட்டிருந்தான். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கேட்ட தொறந்து விட்டாங்களா?"

இல்லை என்றேன். உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து மைத்துனனோடு போனேன். ஒரு மெஷின் இறங்கிவிட்டிருந்தது. அதை ஓட்டும் மலாய்க்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த மலாயில், என் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்றேன். அவர் யாரையும் திட்டவில்லை. எந்த இடம் என்று கேட்டார். எத்தனை வயசு என்று கேட்டார். பிறகு காவலாளியிடம் போய், இவர்கள் என்னோடு வந்தவர்கள் என்றார். கேட் திறந்தது. இன்றைக்கும் நாளைக்கும் அந்தக் கோடியில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மெஷினில் ஏறிக்கொண்டார்.

தோண்டினோம். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எலும்பு என்று எதுவும் இல்லை. இடுப்பாழத்தில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் மண் கறுத்திருந்தது. போதும் மாமா என்றான் மைத்துனன். அந்த மண்ணை வெள்ளைத் துணியில் எடுத்துக் கட்டினேன். வீட்டில் மனைவி இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அந்த மண்ணைக் கடலில் விட லூமுட்டுக் கடற்கரைக்குப் போனோம். கரையில் இறங்கும்போது தலைவர் போனில் கூப்பிட்டார். வர்ற ஞாயிறு இன்னும் பெரிய கண்டனக் கூட்டம், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றார்.

"எடுத்தாச்சு" என்றேன்.

"படம் ஏதும் எடுத்தீங்களாண்ணே?"

கைப்பேசியை அணைத்து மைத்துனனிடம் கொடுத்தேன். மனைவி எனக்கு முன்பே முழங்கால் தண்ணீரில் போய் நின்றிருந்தாள்.