அப்பா திட்டிய அப்பா

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடித் தோரணம் சினிமாக் கொட்டகை வாசலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவை அங்கே ஒரு மலாய்ப் படத்துக்கு அழைத்துப் போனேன். அழைத்துப் போனேன் என்ன, பொய் சொல்லி இழுத்துப் போனேன்.

காஜா பெராங் தெருவில் இருக்கும் செட்டி வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். பல தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் குடும்பம்; கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய்.

அப்பா ஒரே பிடியாக நின்றார். "தமிழ் டீச்சருக்குத் தமிழ் தெரியாத மாப்பிள்ளையா? சம்பந்திகிட்ட நான் என்னத்தப் பேசுறது?" நானும் சளைத்தவளில்லை. ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் நானும் அந்தப் பையனும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். கொட்டகையில் என் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பையனுடைய அப்பா, சாரோங் கைலியும் நெற்றி நிறைய விபூதியுமாக. அந்தப் பெரியவருக்கு எல்லாம் தெரியும். என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

படத்தில் ஒரு மலாய் மீனவனும் சீனக் கடைக்காரர் மகளும் காதலித்தார்கள். கடைக்காரர் மகளை அறையில் பூட்டினார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "போடோ பூஞ்ஞா ஓராங்! முட்டாள்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். பெரியவரும் கூடவே திட்டினார். இடைவேளையில் ஒரே பொட்டலத்துக் கச்சாங் பூத்தே கடலையைக் கொறித்தபடி இருவரும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

படம் முடிந்து வெளியே வரும்போது பெரியவர் மலாயில் கேட்டார்: "நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"நானா? என் மகளை நானே அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பேன்!"

"அப்படியானால் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீடு காஜா பெராங்கில்." சைக்கிளைப் பிடித்தபடி நின்ற தன் மகனைக் காட்டினார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏமாற்றிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. வீடு வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்: "வெள்ளிக்கிழமை அவங்க வீட்டுல இருப்பாங்களா?"

"எதுக்குப்பா?"

"அந்தக் கடைக்காரனை இன்னும் முழுசா திட்டி முடிக்கல. அவர்கிட்ட பேச வேண்டியது நிறைய இருக்கு."