அம்மா வயிற்றில் குற்றமில்லை

தங்கை போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்த பெரியவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் இதை வாசித்துச் சொல்லுங்கள்.

தங்கை இந்த பிஜியில், ரக்கிரக்கி ஊரில், எங்கள் கரும்புத் தோட்டத்து வீட்டில் பிறந்தாள். நல்ல கண்ணோடுதான் பிறந்தாள். தூரத்தில் வரும் பஸ் போர்டை எனக்கு முன்னால் படிப்பாள். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு பார்வை மங்கியது. வாத்தியார் சோம்பேறி என்று அடித்தார். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷம் அது. ஆஸ்பத்திரிக்குப் போனால், கண் டாக்டர் பட்டாளத்துக்குப் பயந்து குடும்பத்தோடு நாட்டை விட்டே போய்விட்டிருந்தார். இருந்தவர் மூக்குக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்.

"அண்ணா, கண்ணாடிக்கு நல்லாத் தெரியுது. எனக்குத்தான் தெரியல" என்று சிரித்தாள்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, காரணம் கண்டுபிடித்தார். தங்கை வயிற்றில் இருக்கும்போது அம்மா மாரியம்மன் கோவில் தீமிதி பார்த்தாராம். அந்த அனல் பிள்ளை கண்ணில் இறங்கிவிட்டதாம்.

"உன் வயித்துலதான்டி குத்தம். நீயே தீ மிதிச்சுத் தீர்த்துக்க."

அம்மா நம்பினார். வருஷா வருஷம் காப்புக் கட்டி, விரதம் இருந்து, தீ மிதித்தார். தங்கைக்கு வலிப்பு வந்தது. அம்மா மிதித்தார். நடை போனது. மறுபடி மிதித்தார். பேச்சும் போனது. அத்தையும் மாமாவும் கைக்குழந்தையாக இருந்த மகனோடு சிட்னிக்குக் குடிபோய் வெகுநாள் ஆகியிருந்தது. அங்கிருந்து அத்தை டெலிபோனில் கேட்பார்: "இந்த வருஷம் மிதிச்சியா?"

கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னார். இது மூளை நரம்பை அழிக்கும் நோய். கண்ணைத்தான் முதலில் எடுக்கும். அப்பா, அம்மா இரண்டு பக்க ரத்தத்திலும் இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். மருந்து இல்லை. அத்தைக்குச் சொன்னோம். "எங்க வம்சத்துல அப்படி யாருமில்ல" என்று போனை வைத்துவிட்டார்.

தங்கை சாவுக்கு அத்தை வந்தார். தங்கை முகத்தைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதார். "எங்க சின்னப் பொண்ணும் இப்படித்தானே கண்ணு போய்ப் படுத்துக் கெடக்குது!"

"வாய மூடு" என்றார் மாமா.

அங்கே பிறந்த அந்த மகளுக்கும் இதே நோய்தான் என்று சிட்னி டாக்டர்கள் பல வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்களாம். அத்தை தெரிந்தேதான் அம்மாவிடம் மிதித்தாயா என்று கேட்டிருக்கிறார்.

"ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா எம்மவனுக்கு யாருடா பொண்ணு குடுப்பா?"

காரியம் முடிந்த வாரமே அந்த மகனுக்கு என் கடைசித் தங்கையைக் கேட்டார். முறைப் பையனாம். சிட்னி விசா கிடைக்குமாம். அன்று சபையில் நான் பேசவில்லை. இப்போது எல்லோருக்கும் தெரியச் சொல்கிறேன். பெண் இல்லை.

கரும்பு வெட்டக் கப்பலில் வந்த கொஞ்சம் குடும்பம் நாம். நமக்குள்ளேயே கொடுத்து வாங்கினோம். நம் ரத்தம் எல்லாம் ஒன்றுதான். எந்த ஊரில் இருந்தாலும், பிள்ளைக்குக் கண் மங்கினால் மறைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன் ரத்தம் சோதித்துப் பாருங்கள். பெற்றவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

தங்கையைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, வலிப்பு வந்தால் ஓடி வந்த நர்ஸம்மாவுக்கு நன்றி. முதுகில் சுமந்து பஸ் ஏற்றிவிட்ட பக்கத்து பிஜியர் கிராமத்துப் பெரியவருக்கு நன்றி. அவர் நமக்கு எந்த முறையும் இல்லை.

சிட்னியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒன்று. அத்தையின் மகள் பின்னறையில் உயிரோடு இருக்கிறாள். உங்களில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. போய்ப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவளுக்குக் காது கேட்கும்.