வியாகுலத்தின் குரல்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் பீட்டர்ராஜ் தன் மகளுக்கு வியாகுலமேரி என்று பெயர் வைத்தது, வியாகுல மாதா மேல் இருந்த பக்தியில். பழகியவர்களோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். வியாகுலம் என்றால் துயரம்தானே, கொண்டுபோய்க் கொட்டு என்று ஆளாளுக்குக் கொட்டினார்கள்.

இருபத்து மூன்று வயதில் அதுவே அவளுக்கு வேலையாகிப் போனது. கல்லூரித் தோழிகளில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் போன் அவளுக்குத்தான். அதிலும் கூடலூர் ஷெரின் இருக்கிறாளே, காதலனோடு சண்டை என்றால் நேரம் காலம் பார்க்கமாட்டாள். வியாகுலம் போனைத் தோளில் இடுக்கி, கொத்தில் கெட்ட பழங்களைக் கத்தரித்துக்கொண்டே, அவள் அழுது முடிக்கும்வரை கேட்பாள். அழுதவள் நிம்மதியாகத் தூங்கப் போவாள். கேட்டவளுக்குச் சோறு இறங்காது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருத்திகூடக் கேட்டதில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் போல.

குரூப் ஃபோர் தேர்வு முடிவு வந்தது. மூன்றாவது தடவையும் அவள் எண் இல்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார், அவரையும் இவள்தான் தேற்ற வேண்டும். இன்று ஒருநாள், ஒரே ஒரு நாள், தன்னைத் தேற்ற ஒருத்தி வேண்டும். 'தோத்துட்டேன்டி, தாங்க முடியல' என்று ஷெரினுக்கு எழுதினாள்.

பத்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. மேலே ஃபார்வர்டு என்று போட்டிருந்தது. அமுக்கினாள்.

"அழுதுரு தங்கம், அடக்கி வைக்காத. நான் இங்கனதான இருக்கேன்."

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஷெரினுக்காக இவளே பேசி அனுப்பியது. நடுவில் வந்த இருமல்கூட இவளுடையதுதான். கையிலிருந்த கத்தரிக்கோலை வீசிவிட்டு ஷெரினைக் கூப்பிட்டாள்.

"ஏன்டி, என் குரலையே எனக்கு அனுப்புற?"

"அதைக் கேட்டா எனக்கு மனசு லேசாகும்டி. அதான்."

"என்னைய நானே தேத்திக்கிறதுக்கு நீ எதுக்குடி? உன் வாயில ஒரு வார்த்தை இல்லையா?"

ஷெரினோ இரண்டு வருடமாக அழ மட்டுமே பழகியவள். வழக்கமாக வியாகுலம்தான் வார்த்தை எடுத்துக் கொடுப்பாள். இன்று கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரியலடி," என்றாள் ஷெரின் கடைசியில். "பஸ் ஏறி வரட்டா?"

"வா. வந்து நீ அழுத, செருப்பால அடிப்பேன்," என்றாள் வியாகுலம், அழுதுகொண்டே.