கட்டை பார்க்கும் குவாக்

விறகுக் கட்டையின் நுனியை ஒரு கடி கடித்துப் பார்க்கிறான் குவாக் யோங்பே. பிறகு நகத்தால் அழுத்துகிறான். இன்னொரு கட்டையோடு காதருகே தட்டுகிறான். வெட்டுவாயில் மூக்கை வைத்து, பூ மோப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறான். கடைசியில் ஒரு சிம்பைச் சீவி அடுப்பில் காட்டிப் புகையைப் பார்க்கிறான். கொண்டுவந்தவர் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

"இவன் வாயாடி. எரியறதைவிட வெடிக்கிறதுதான் அதிகம்" என்பான் ஒன்றை. இன்னொன்றை, "கல்யாண வீட்டு மாமா மாதிரி. வரும்போது ஆர்ப்பாட்டம், பந்தி முடிஞ்சதும் ஆளைக் காணோம்" என்பான். ஓக் என்றால் மட்டும் குரலில் மரியாதை வந்துவிடும். "இவரு பேசமாட்டாரு. விடியறவரைக்கும் வேலை பாப்பாரு."

சாங்கோல் பள்ளத்தாக்கில் அடுப்பின் சூடு வீட்டுத் தரைக்கு அடியில் ஓடுகிறது, அதன்மேல்தான் படுக்கை. மழைக்காலம் முடிந்ததும் ஓடை கொண்டுவந்து போட்ட மரங்களை ஊரே பொறுக்கும். தோலுரிந்து, வெளுத்து, எல்லாம் ஒரே முகமாக இருக்கும். அதற்குள் ஒட் மரமும் கலந்திருக்கலாம். மரச் சாமான்களுக்கு மெருகு பூசப் பால் வடிக்கிற மரம் அது. எரித்தால் புகை பட்ட இடமெல்லாம் சேராங்கொட்டை பட்டதுபோல் தடித்துவிடும். அதனால்தான் எல்லோரும் ஆளுக்கொரு துண்டோடு மேட்டுவீட்டுக் குவாக்கிடம் வருகிறார்கள்.

வந்தவரை அடுப்புப் பக்கத்துச் சூடான மூலையில் உட்காரவைப்பான். அவித்த உருளைக்கிழங்கு வரும், பார்லித் தண்ணீர் வரும். பதில் மட்டும் வராது. "சந்தேகமா இருக்கு. வச்சிட்டுப் போங்க, நாளைக்குச் சொல்றேன்." சந்தேகமாவது மண்ணாவது! மோந்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கும். நாளைக்கும் அந்த மூலையில் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணம் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவன் வேறு என்ன செய்வான், பாவம்.

அதிலும் மிஞ்சா அம்மா என்றால், நாளைக்கு என்பது நாளை மறுநாளாகிவிடும். கீழே பாலத்தடியில் டோஃபு கடை வைத்திருக்கும் விதவை அவள்; மகள் மிஞ்சாவின் பேரைச் சொல்லித்தான் ஊர் கூப்பிடும். பெரிய கொப்பரையில் சோயாப் பால் காய்ச்ச, ஒரே சீராக எரிகிற விறகு வேண்டும். போன இலையுதிர்காலத்தில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். பிளந்தான், உள்ளே மஞ்சள். ஒட்தான் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"என்னய்யா, மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? என்ன மரம்?"

"பாக்கணும், மிஞ்சா அம்மா. நாளைக்கு வாங்களேன்."

ஊறிய சோயா காத்திருக்குமா? விடியற்காலையில் விறகு தீர்ந்துபோய், வீட்டில் மீதி கிடந்த அதே மரத்தைக் கொப்பரைக்கு அடியில் தள்ளிவிட்டாள். கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கிப் படுத்தாள். குவாக் செஸ்ட்நட் இலைகளை அவித்து, வீக்கத்தைக் கழுவ அந்தத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துப்போனான். மகள் மிஞ்சா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.

"தெரியாமப் போச்சாய்யா உனக்கு?" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல்.

"தெரியும்" என்றான். திரும்பி மேடேறிவிட்டான்.

அன்றோடு குவாக் மாறிவிட்டான். இப்போது ஆள் படி ஏறும்போதே, வாசலை மறித்துக்கொண்டு நின்று, "அக்கேசியா. நல்லா எரியும், போங்க" என்கிறான். கேட்டவர்களுக்குப் பரம சந்தோஷம், வேலை சட்டென்று முடிகிறதே. ஒருவரும் செருப்பைக் கழற்றுவதில்லை. சூடான மூலையில் அவனே உட்கார்ந்து பார்த்தான், பிடிக்கவில்லை. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் வானொலி மட்டும் பேசியது.

பனி உருகத் தொடங்கிய ஒரு மதியம் மிஞ்சா அம்மா மேடேறி வந்தாள். கையில் காய்ந்த கிளை ஒன்று. ஊசியிலை உதிராமல், காய்கூடத் தொங்குகிறது. சாங்கோலில் தவழ்கிற பிள்ளைகூட அதன் பேரைச் சொல்லும்.

"இது என்ன மரம்?"

"பைன்" என்றான் குவாக், மூச்சு விடுவதற்குள். வாசலிலிருந்து நகரவில்லை.

"அதுகூடவா எனக்குத் தெரியாது? இந்த மேட்டை ஏறி வந்திருக்கேன், முழங்கால் விட்டுப்போச்சு. நகருய்யா."

கிளையை அவன் கையில் திணித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் காலணியை இழுத்துக் கழற்ற ஆரம்பித்தாள். குவாக்கின் அடுப்பில் காலையில் போட்ட நெருப்பு அவிந்து கிடந்தது. அறையில் தரை ஜில்லிட்டுப்போயிருக்கும். பைன் கரி பிடிக்கும், புகைவழி அடைத்துப்போகும் என்று அந்த மரத்தை அவன் அடுப்பண்டையே சேர்ப்பதில்லை. ஆனால் சட்டென்று பற்றுவதற்கு அதை மிஞ்சிய விறகு இல்லை. கிளையை முழங்காலில் வைத்து ஒடித்தான். ஊசியும் காயுமாக அத்தனையையும் அடுப்பில் திணித்துவிட்டு, குப்புற விழுந்து ஊதத் தொடங்கினான்.