கால் முன்னே வந்தவள்

பாண்டிச்செல்வி பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வந்தது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அப்படிப் பிறந்தவர் காலால் நீவினால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பதைப் பள்ளங்கி ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. எவருக்காவது பிடித்துக்கொண்டால் வகுப்பறை வாசலில் ஆள் வந்து நிற்கும். குப்புறக் கிடந்த முதுகுகளின் மேல் பிஞ்சுக் காலை வைத்து இழுத்தே அவள் பாதிப் பாடங்களைக் கோட்டைவிட்டாள். வலி குறைந்தால் அது காலின் மகிமை. குறையாவிட்டால், நோயாளி ஏதோ சாமி குத்தம் செய்தவர். கால் ஒருநாளும் தோற்றதில்லை.

அவள் வயதுக்கு வந்ததும் அதே கால் தீட்டாகிவிட்டது. அழைப்பு நின்றது. போன பாடங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

இப்போது ஊரிலிருந்தே கொடைக்கானலுக்குப் போய் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இறுகிய தசையை விரலால் தேடுவது, அகப்பட்ட முடிச்சை அழுத்திப் பிடித்து அது தளரும்வரை பொறுத்திருப்பது, எப்போது கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் அனுப்புவது என்பது எல்லாம் அங்கே பழகியவை. மகள் ஸ்வேதாவும் வயிற்றில் கால் கீழாகவே இருந்தாள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இதை ஊருக்குச் சொல்லவே கூடாது என்றிருந்தாள் பாண்டிச்செல்வி. அவள் கணவன் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூண்டு மூட்டையை ஜீப்பில் ஏற்றப்போன பூண்டு விவசாயி குருநாதனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டிரைவர் வேலுச்சாமியும் இன்னொருவரும் அவரைத் தாங்கிக்கொண்டு வந்து பாண்டிச்செல்வி வீட்டுப் பாயில் கிடத்தினார்கள். அவர் மனைவி பாப்பம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"ஒம்மகளை வெரசா வரச்சொல்லு தாயி. காலால ரெண்டு நீவு நீவட்டும்" என்றார் குருநாதன்.

"அவ படிச்சிக்கிட்டிருக்கா மாமா."

"ஆபரேசன்ல எடுத்த புள்ளைன்னா அது கணக்குல சேருமா?" என்று வேலுச்சாமி கேட்டான்.

"ஏலே, எப்படி எடுத்தா என்ன, காலுதானே முன்னால வந்துச்சு" என்று முனகினார் குருநாதன்.

"எங்காலுந்தான் முன்னால வந்துச்சு. நான் நீவட்டுமா?"

குருநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ பொம்பளையில்லையா தாயி?"

"அஞ்சு வயசுல நான் என்ன ஆம்பளையாவா இருந்தேன் மாமா?"

வேலுச்சாமி சிரிப்பை அடக்க வெளியே போனான்.

"காலு யாருதும் வேண்டாம்" என்றாள் பாண்டிச்செல்வி. "கையால பாக்கறேன். காலு மரத்துப்போகுதா? ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம் இருக்கா?"

இல்லையென்று தலையாட்டினார். அப்போதும் தொட விடவில்லை. அசைந்தபோது வலி சுரீரென்று வெட்டியது.

"வீம்பு பண்ணாமக் கெடங்க" என்றாள் பாப்பம்மாள்.

கிடந்தார். பாண்டிச்செல்வி இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் முடிச்சைத் தேடிப் பிடித்து, அவர் மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். அவள் நெற்றி வேர்த்தது. வெகுநேரம் கழித்து அவர் சுவரைப் பிடித்து எழுந்து, கூனியபடியே நடந்தார். வலி முழுக்கப் போகவில்லை. நடக்க முடிந்தது.

"மூட்டை தூக்காதீங்க. படுத்தே கெடக்கவும் வேண்டாம், மெல்ல நடங்க."

வாசலில் வேலுச்சாமி, "அந்தப் புள்ள இருக்கற வீடுல்ல, அதான் விட்டிருச்சு" என்றான். குருநாதன் ஆமோதித்தார். பாப்பம்மாள் மட்டும் பாண்டிச்செல்வியின் சிவந்துபோன கட்டைவிரல்களைப் பார்த்தாள். பிறகு புருஷன் பின்னால் நடந்தாள்.

மறுநாள் வெள்ளனே கதவு தட்டும் சத்தம். பாப்பம்மாள் தனியாக நடந்து வந்திருந்தாள். இடது கையால் தட்டினாள். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை.

"எப்பலருந்து அத்தை?"

"போன பூண்டு எடுப்புலருந்து."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா, என்னைய யாரு தாங்கிட்டு வரப்போறா?"

சத்தம் கேட்டு ஸ்வேதா பையை மாட்டியபடி வந்து எட்டிப் பார்த்தாள். பாப்பம்மாள் அவள் காலைப் பார்க்கவே இல்லை.

"பஸ்ஸை விட்டுறாத, போ தாயி" என்றாள். "எனக்கு ஒங்கம்மா கை போதும்."